களியும் தும்பும்: எண்ணெய்க் கிணற்றுச் சேற்றின் வரலாற்றில் வன்னி மண்

தொழில்நுட்பத்தின் வரலாறு பெரும்பாலும் எழுத்தில் உள்ளவற்றைக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. உரிமப் பத்திரம், ஆய்வறிக்கை, கம்பனியின் கணக்கேடு, அரசாங்க நிருவாக அறிக்கை ஆகியன எங்கு உண்டோ அங்கே வரலாறு உண்டு; அவை இல்லாத இடத்திற் பழக்கம் மட்டுமே உண்டு என்பது எவரும் வகுக்காமலே நிலைபெற்றுவிட்ட ஒரு விதி. எண்ணெய்க் கிணறு தோண்டுவோர் பயன்படுத்தும் சேற்றின் வரலாறு இவ்விதிக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. ஆழ்துளையினுள் செலுத்தப்படும் களிச்சேற்றிற் சிறிதளவு நாரைக் கலந்தால் அச்சேறு ஓடும் விதமும், அது சுமக்கும் பொருளும், அது அடைக்கும் வெடிப்பும் மாறிவிடுகின்றன. இவ்வுண்மையின் வரலாற்றை நூல்கள் அமெரிக்க நாட்டிலிருந்து தொடங்குகின்றன. அது தவறன்று. ஆயின் களியும் நாரும் நீரும் சேர்ந்தால் என்ன நிகழும் என்பதை, தம் வாழ்வே அதனைச் சார்ந்திருந்தமையால் அறிந்துகொண்ட மக்கள் வேறு இடங்களிலும் வாழ்ந்தனர். குளக்கட்டுகளின் நாடாகிய வன்னி அவ்விடங்களுள் ஒன்று. இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சி. ஒன்றிலிருந்து மற்றையது பிறந்தது என்று காட்டுவது அதன் நோக்கமன்று.

முதலில் நிலத்தை நோக்குவோம். வன்னிப் பெருநிலப்பரப்பு இருவகைப் பாறைகள் சந்திக்கும் இடம். வவுனியாவின் அடியிற் கிடப்பவை மிகப் பழைய பளிங்குருப் பாறைகள். இலங்கையின் தொல்பாறைகளைப் புவிச்சரிதவியலாளர் பிரித்து வகுத்தபோது அவற்றுள் ஒரு பெரும் பகுதிக்கு ‘வன்னித் தொகுதி’ என்றே பெயரிட்டனர். வடக்கேயும் வடமேற்கேயும் செல்லச் செல்ல இப்பாறைகள் கீழிறங்க, அவற்றின்மேற் சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும் படிந்துள்ளன. பரந்தன், முழங்காவில், முருங்கன் ஆகிய இடங்களின் அடியில் ஆழமான நீர்ப் படுகைகள் அமைந்தமைக்கும், எண்ணெயைத் தேடியவர்கள் வவுனியாவை விட்டு மன்னார்க் கரையை நாடியமைக்கும் காரணம் இப்பிரிவே. எண்ணெய் உருவாவதும் தேங்குவதும் பெரும்பாலும் படிவுப் பாறைகளிலேயாம்.

மேற்பரப்பின் மண்ணிலும் ஒரு சிறப்புண்டு. முருங்கனிலும் துணுக்காயிலும் காணப்படும் கரிய களிமண், கோடையிற் கை நுழையும் அளவுக்கு வெடித்து, மாரியில் மாட்டின் காலைப் பற்றிக்கொள்ளும் இயல்பினது. மண்ணியலாளர் இதனைக் குறுமுசோல் என்பர். இதன் பற்றும் வெடிப்பும் மொன்மொரிலோனைற்று இனத்துக் கனிமத்தால் வருவன. அக்கனிமத்தின் நுண்ணிய தகடுகளிடையே நீர் புகும், தகடுகள் விலகும், களி பருக்கும். நீர் நீங்கினால் சுருங்கி வெடிக்கும். துளைச் சேற்றுக்கு உலகெங்கும் அடிப்படையாக வழங்கும் பெந்தனைற்று என்னும் களியும் இவ்வினக் கனிமத்தால் ஆனதே. அதன் பெயர், 1898ஆம் ஆண்டில், அமெரிக்காவின் வையோமிங் மாநிலத்தில் அது காணப்பட்ட பாறைப் படையின் பெயரைத் தழுவி இடப்பட்டது. முருங்கன் களி ஒரு காலத்திற் புகையிரதத்தில் ஏறிக் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சென்றமையால் கைத்தொழில் வரலாற்றில் ஓரிடம் பெற்றது. துணுக்காய்க் களி வயலிலேயே இருந்தது.

வயலில் அது செய்த வேலை சிறியதன்று. மழையை எதிர்நோக்கிய காலபோகத்திற் புழுதி விதைப்பும், குளத்து நீரை நம்பிய இடங்களிற் சேற்று விதைப்பும் வன்னியின் வழக்கம். சேற்று விதைப்புக்கு எருமைகளை வயலில் இறக்கிச் சுற்றிச் சுற்றி உழக்குவர். அவ்வாறு உழக்கும்போது கட்டியாக இருந்த களி தனித்தனித் தகடுகளாகப் பிரிந்து நீரில் மிதக்கிறது. உழக்கல் நின்றபின் தகடுகள் படுத்தவாறே ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, நீர் எளிதிற் கீழிறங்காத ஒரு தோலை உண்டாக்குகின்றன. குளத்து நீர் அரிதாகிய நாட்டில் வயலின் அடியை நீர் ஒழுகாமல் அடைப்பதே உழக்கலின் பெரும்பயன். எண்ணெய்க் கிணற்றுச் சேறும் துளையின் சுவரில் இத்தகைய ஒரு தோலையே படரவிடுகிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இனி நாரிடம் வருவோம். வெறுங் களியாற் சுவர் எழுப்பினால் அது உலரும்போது வெடித்துப் பிளக்கும். வைக்கோலைத் துண்டுதுண்டாக்கிக் களியோடு சேர்த்துக் காலால் மிதித்தெடுத்தால் வெடிப்பு ஒரு பெரும் பிளவாகாமல் பல நுண்ணிய கீறல்களாகச் சிதறிவிடும். இதனை மண்வீடு கட்டிய எல்லா நாட்டினரும் அறிவர். வன்னிக்கு மட்டும் உரியதன்று. நெல்லைச் சேமித்த கொம்பறையும் தடிகளாற் பின்னப்பட்டுக் களியும் சாணமும் பூசப்பட்டதே. மாடு தின்ற புல்லின் செரியாத நாரே சாணத்தில் எஞ்சி நிற்பது. ஆதலாற் சாணமும் ஒரு நாரூட்டிய கலவையே எனலாம். இதைச் சொன்னால் நகைப்போர் உளர். நாரின் நீளம் குறையக் குறையப் பூச்சு மெல்லியதாகவும் ஒப்புரவாகவும் அமையும் என்பதனை அறிந்தே சுவருக்கு வைக்கோலும் மேற்பூச்சுக்குச் சாணமும் தெரிவு செய்யப்பட்டன என்பதை அவர்கள் நோக்குவதில்லை.

ஆயினும் சுவர் என்பது ஓடாத பொருள். ஓடும் நீரின்முன் களியும் நாரும் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதற்கு நாம் குளக்கட்டிற்கே செல்லவேண்டும். மண்கட்டு ஒன்று மேலால் நீர் வழிந்து உடைவதைக் காட்டிலும் உள்ளே ஒழுக்கு விழுந்து உடைவது ஏமாற்றுந் தன்மை உடையது. எலிவளையோ, அழுகிப்போன மரவேரின் துளையோ, நண்டு தோண்டிய வழியோ போதும். அலைகரைப் பக்கத்தில் நீரின்மேல் ஒரு சிறு சுழி தோன்றும். கட்டின் வெளியடியிற் கலங்கல் நீர் கசியும். கசிவு தெளிந்த நீராய் இருக்கும்வரை அச்சமில்லை. கலங்கினால், கட்டின் மண் உள்ளிருந்து வெளியேறத் தொடங்கிவிட்டது என்பது பொருள். அந்நேரத்திற் சுழியினுள் மண்ணைக் கொட்டுபவன் தன் மண்ணையும் நேரத்தையும் இழப்பான். விரையும் நீர் மண்ணை மறுபக்கத்திற் கொண்டுபோய் விடும். வைக்கோற் கற்றையையும் இலையோடு கூடிய குழையையும் முதலிற் செலுத்தி, அவை துளையின் ஒடுங்கிய இடத்திற் சிக்கிக்கொண்ட பின்னரே களியை இடவேண்டும். நீரின் இழுப்பே இப்போது களியை வைக்கோலின்மேல் அழுத்தும். முதலில் நார், அதன்பின் களி. இம்முறை மாறினால் அடைப்பு நில்லாது.

இவ்வறிவு தனியொருவரின் உடைமையாக இருக்கவில்லை. குளத்தின்கீழ் வயல் உடையவர்கள் தம் வயற்பரப்புக்கேற்பக் கட்டின் ஒவ்வொரு பகுதியைப் பேணும் பொறுப்புடையவராயிருந்தனர். 1832இற் கட்டாய ஊழியமாகிய இராசகாரியத்தை ஆங்கில அரசு ஒழித்தபோது, அரசர்க்குச் செய்த ஊழியத்தோடு ஊர்க்குளத்துக்குச் செய்த கூட்டுவேலையும் வலுவிழந்தது. அதனால் நேர்ந்த கேட்டை உணர்ந்தே 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பழைய நீர்ப்பாசன வழக்கங்களுக்கு மீளவும் சட்டவலு அளித்தது. விதானைமாரின் மேற்பார்வையில் நடந்த இம்முறை, 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தும்வரை நீடித்தது. இதற்கிடையில் 1895இல் ஜே. பி. லூயிஸ் என்னும் சிவில் சேவையாளர் வன்னி மாவட்டங்கள் பற்றிய தம் கைநூலை வெளியிட்டார். அதுவும் அதுபோன்ற நூல்களும் இல்லாவிடின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வன்னி பற்றி இன்று நாம் அறிவது மிகக் குறைந்திருக்கும். எனினும் நிருவாகி கேட்கும் வினா வேறு, கட்டில் நிற்பவன் கேட்கும் வினா வேறு. எத்தனை குளம், எத்தனை ஏக்கர், எவ்வளவு வரி என்பன ஏட்டில் ஏறும். எந்த வைக்கோல், எவ்வளவு நீளம், எதன் பின் எது என்பன அடுத்த தலைமுறையின் கைக்கு ஏறும். கை நின்றால் அதுவும் நின்றுவிடும்.

இனி எண்ணெய்க் கிணறு. சுழலும் அலகினால் நிலத்தைத் துளைக்கும்போது வெட்டப்பட்ட கற்சிதறலை மேலே கொண்டுவர வேண்டும். துளையின் சுவர் இடிந்து விழாமற் காக்க வேண்டும். ஆழத்தில் அழுத்தமுற்றிருக்கும் நீரும் வாயுவும் பீறிடாமல் எதிரழுத்தம் கொடுக்க வேண்டும். இம்மூன்று வேலைகளையும் செய்வது பம்பியினாற் குழாய் வழியே கீழிறக்கப்பட்டுக் குழாய்க்கும் சுவருக்கும் இடையே மேலேறி வரும் சேறு. 1887இல் அமெரிக்கரான சப்மன் என்பவர் ஓர் உரிமத்துக்கு விண்ணப்பித்தார். துளையினுள் நீரோடு பிசையத்தக்க பொருள்களையும் செலுத்தினால் சுவரில் நீர் புகாத ஒரு படலம் உண்டாகும் என்பது அவர் கூற்று. அவர் பரிந்துரைத்த பொருள்கள் களி, தவிடு, தானியம், சீமெந்து. துளைச் சேற்றின் முதல் எழுத்துச் சான்றுகளுள் ஒன்றாகிய இதிலேயே களியோடு தவிடும் இடம்பெற்றிருப்பது நோக்கற்பாலது. பயிரிலிருந்து வந்த பொருள் பின்னர் புகுந்த ஒரு திருத்தமன்று; தொடக்கத்திலேயே இருந்தது.

பதினான்கு ஆண்டுகளின் பின், 1901 சனவரி 10ஆம் நாள், ரெக்சாஸ் மாநிலத்தின் போமொண்ட் நகருக்கருகே ஸ்பின்டில்ரொப் மேட்டில் எண்ணெய் பீறிட்டது. அங்கே மணற்படையைத் துளைக்க நீர் மட்டும் போதாமற்போகவே, துளைப்பாளர்கள் ஒரு குட்டையினுள் மாடுகளை இறக்கி உழக்கச் செய்து அச்சேற்றைத் துளையினுள் செலுத்தினர் என்று கூறப்படுகிறது. எண்ணெய்த் தொழிலின் நூல்கள் இந்நிகழ்ச்சியை ஒரு புத்தாக்கமாகப் போற்றுகின்றன. போற்றத்தக்கதே. நம் நாட்டு வாசகனுக்கு அதில் வியப்பு மாடுகளால் வருவதன்று. சேறு வயலைவிட்டு ஆயிரம் அடி ஆழத்துக்கு இறங்கியதனாலேயே வருவது. பெந்தனைற்றுக் களி 1920களின் இறுதியிலிருந்து இத்தொழிலிற் புகுந்தது. 1931இல் ஹலன் மார்ஷ் என்பவர் சேற்றின் ஒழுகுதன்மையைக் களத்திலேயே அளக்க ஒரு புனலை அறிமுகப்படுத்தினார். ஏறத்தாழ 946 மில்லிலீற்றர் தூய நீர் அதனூடாக ஒழுக 26 செக்கன் ஆகும். சேறு அதனிலும் எவ்வளவு தாமதிக்கிறது என்பதே அளவு. இன்றும் துளைமேடைகளில் இப்புனலைக் காணலாம்.

சேற்றின் இயல்பை அறிவியல் விளங்கிக்கொண்ட கதை தனியானது. நீரும் தேனும் ஒழுகும் வகையில் ஒன்றே. தேன் மெல்ல ஒழுகும், அவ்வளவே. இதனையே பிசுக்குமை என்று பாடநூல்கள் வழங்கும். களிச்சேறு அத்தகையதன்று. ஒரு குறித்த அளவு தள்ளினாலன்றி அது அசையவே மாட்டாது. அவ்வெல்லை கடந்தபின் எளிதாக ஓடும். நிறுத்தினால் மீண்டும் இறுகும். அமெரிக்க வேதியியலாளர் பிங்கம் 1916இல் வெளியிட்ட ஆய்வு களிக்கலவைகளைப் பற்றியதே. அவ்வெல்லையை நாம் இளகுதகைப்பு எனலாம். துளைப்பாளருக்கு இவ்வியல்பு ஒரு வரம். பம்பி இயங்கும்போது சேறு இளகி ஓடுகிறது; குழாய் மாற்றுவதற்காகப் பம்பியை நிறுத்தினால் சேறு இறுகிக் கற்சிதறலை அந்தரத்திலேயே பிடித்து வைக்கிறது. ஆயினும் அப்பிடிப்புக்கு ஓர் எல்லையுண்டு. துளை செங்குத்தாக இல்லாமற் சாய்ந்தும் கிடையாகவும் செல்லும் இடங்களிற் சிதறல் சில அங்குலமே விழுந்து அடியிற் படுத்துவிடும். களியைக் கூட்டிச் சேற்றைத் தடிப்பாக்கினால் சிதறல் தங்கும். ஆனாற் பம்பியின் அழுத்தம் ஏறிப் பாறையே பிளக்கக்கூடும். இந்த இடுக்கணுக்கு விடையாகவே நார் வருகிறது.

சிறிது நார் எவ்வாறு பெருவிளைவைத் தரும் என்பது முதலிற் புதிராகவே தோன்றும். நீரில் உருண்டையான மணிகளைக் கலந்தால் பிசுக்குமை அவற்றின் கனவளவு விகிதத்தின் இரண்டரை மடங்கே ஏறும் என்பதை ஐன்ஸ்ரைன் கணித்துக் காட்டினார். அஃதாவது நூற்றில் ஒரு பங்கு மணி கலந்தால் நூற்றுக்கு இரண்டரை ஏற்றம். நீண்ட உருவங்களின் கதை வேறு. 1922இல் ஜெஃபரி என்னும் ஆங்கிலக் கணிதவியலாளர், ஓடும் பாயியினுள் ஒரு நீளுருவம் ஓட்டத்தின் திசையில் நெடுநேரம் படுத்துக்கிடந்து, இடையிடையே திடீரெனக் குட்டிக்கரணம் போட்டு, மீண்டும் படுத்துக்கொள்ளும் என்று காட்டினார். குட்டிக்கரணம் போட அதற்கு இடம் வேண்டும். அவ்விடத்தின் அளவை நாமே கணக்கிடலாம். 10 மில்லிமீற்றர் நீளமும் 0.1 மில்லிமீற்றர் விட்டமும் உடைய ஒரு நார்த்துண்டின் கனவளவு 0.08 கன மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. அது எல்லாத் திசையிலும் சுழல வேண்டும் கோளத்தின் கனவளவோ ஏறத்தாழ 524 கன மில்லிமீற்றர். ஒரு லீற்றர் சேற்றில் இத்தகைய துண்டுகள் 1900 இருந்தால் அவற்றின் கோளங்கள் சேர்ந்து சேறு முழுவதற்கும் சமமாகிவிடும். அத்துண்டுகளின் மொத்தப் பருமனோ 150 கன மில்லிமீற்றர் மட்டுமே. பதினாயிரத்தில் ஒன்றரைப் பங்கு நாரே ஒன்றையொன்று தொடத் தொடங்கிவிடுகிறது என்பதே இக்கணக்கின் பொருள்.

தொடத் தொடங்கிய நார்கள் ஒரு தளர்ந்த வலையாகின்றன. கற்சிதறல் கீழே விழ வேண்டுமாயின் அவ்வலையைத் தள்ளிக்கொண்டு விழவேண்டும். சேறு விரைந்து ஓடும்போதோ நார்கள் ஓட்டத்தின் திசையிற் படுத்துவிடுகின்றன. ஆகவே பம்பிக்கு அவற்றின் சுமை பெரிதும் தெரிவதில்லை. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், செயற்கை நாரை மிகச் சிறிய அளவிற் கலந்து செய்த ஆய்வுகள் இதனையே உறுதிப்படுத்தின. பிசுக்குமைமானி காட்டிய அளவு பெரிதும் மாறவில்லை. துளையின் துப்புரவு திருந்தியது. அளவுகருவியிற் பதியாத ஒன்று வேலையிற் பதிந்தது என்க. மார்ஷின் புனல் இவ்விடத்திற் பயன்படாது. அதன் குழாய்வாய் 5 மில்லிமீற்றருக்கும் சிறிது. நார்ச்சேறு அதில் ஒழுகாமல் நின்றால், சேறு தடித்ததென்று கொள்வதா, வாய் அடைபட்டதென்று கொள்வதா? ஒரு பொருளுக்கென ஆக்கிய அளவுகோலை இன்னொன்றின்மேல் வைத்தால் அளவுகோலைப் பற்றியே நாம் அறிகிறோம்.

நாரைக் கூட்டிக்கொண்டே போனால் நன்மை கூடிக்கொண்டே போகும் என்றும் கருதற்க. ஓரளவுக்கு மேல் நார்கள் சிக்குண்டு உருண்டைகளாகும். அலகின் சிறுதுளைகளை அடைக்கும். மேலே வந்த சேற்றைச் சலிக்கும் அதிர்சல்லடையில் தங்கிவிடும். நாரின் பிறப்பும் கருதத்தக்கது. வைக்கோல் உலர்ந்த சுவரில் நெடுங்காலம் நிலைக்கும். சூடான ஈரச்சேற்றில் விரைவில் அழுகும். தென்னந்தும்பு அதனிலும் உறுதியானது. அதன் பொருளில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு இலிக்னின் ஆகையால், மட்டையை நீரில் மாதக்கணக்கில் ஊறவிட்டும் தும்பு கெடாமல் எஞ்சுகிறது. நாம் தும்பை மட்டையிலிருந்து பிரித்தெடுக்கும் முறையே அது நீரை வென்று நிற்கும் என்பதற்குச் சான்று.

நாரின் பழைய பணி ஒன்று உண்டு. அது சிதறலைச் சுமப்பதன்று, அடைப்பது. வெடிப்பும் குகையும் நிறைந்த சுண்ணாம்புக்கல்லைத் துளைக்கும்போது, கீழிறங்கிய சேறு மேலே திரும்பாமல் பாறையினுள் ஓடி மறைந்துவிடும். துளைப்பாளர் மிகவும் அஞ்சும் இடர்களுள் ஒன்று இச்சேறிழப்பு. சேற்றின் மட்டம் இறங்கினால் எதிரழுத்தம் குறையும். குறைந்தால் கிணறு பீறிடவும் கூடும். தொடக்க காலந்தொட்டே அவர்கள் கையிற் கிடைத்தவற்றையெல்லாம் சேற்றிற் போட்டனர்: வைக்கோல், பருத்திவிதையின் உமி, கரும்புச் சக்கை, மரத்தூள். உருண்டையான துணிக்கை வெடிப்பை அடைக்க வேண்டுமாயின் அதன் பருமன் வெடிப்பின் அகலத்துக்கு ஓரளவு ஏற்றதாக இருத்தல் வேண்டும். நாருக்கு அக்கட்டுப்பாடு தளரும். மெல்லியதாயினும் நீளத்தால் வெடிப்பின் இரு கரையையும் பற்றி ஒரு பாயாகப் படரும். அப்பாயின்மேற் சிறு துணிக்கைகள் தங்கும். அவற்றின்மேற் களி தங்கும். சேற்றின் அழுத்தமே அதனை இறுக்கும். முதலில் நார், அதன்பின் களி. அலைகரையின் சுழியில் நாம் கண்ட ஒழுங்கு இதுவே.

இவ்வொழுங்கு வன்னிக்கு அயலிலேயே தேவைப்படத்தக்க சூழல் பின்னர் ஏற்பட்டது. பாக்கு நீரிணையின் அடியிலுள்ள காவேரிப் படுகை இரு கரைகளுக்கும் பொதுவானது. தமிழ்நாட்டுக் கரையில் இந்திய எண்ணெய், இயற்கை வாயு ஆணைக்குழு 1964இற் காரைக்காலிற் தன் முதற் கிணற்றைத் துளைத்தது. 1980களில் நரிமணத்தில் எண்ணெய் கண்டது. இக்கரையில் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் சோவியத் நாட்டின் உதவியுடன் 1974இல் மன்னார்த் தீவின் பேசாலையிற் துளையிடத் தொடங்கியது. அங்கு தோண்டிய கிணறுகள் வணிகப் பயன் தரவில்லை. அதன்பின் கடலிலும் சில துளையிடப்பட்டன. 2011இல், மன்னார்க் குடாவில் 1300 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழ்கடலில், கெயார்ன் நிறுவனம் யப்பானியக் கப்பலாகிய சிக்யூவைக் கொண்டு துளைத்து இயற்கை வாயுவைக் கண்டது. அவ்வாயு அகழ்ந்தெடுக்கப்படுமுன்னரே நிறுவனம் விலகிச் சென்றுவிட்டது. பேசாலையின் பெயர் எண்ணெய் வரலாற்றில் ஒரு வறண்ட கிணறாக நிற்கிறது. வன்னியின் குடிமக்களுக்கு அதனினும் அண்மையானவை 1964ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நீர்வளச் சபையும் பிறரும் தோண்டிய குழாய்க்கிணறுகளே. வவுனியாவின் கடும்பாறையைக் காற்றழுத்தச் சம்மட்டியாற் துளைக்கலாம். அங்கே சேற்றுக்கு வேலை குறைவு. முழங்காவிலின் படிவுப் பாறையிலோ சுவர் சரியும், சேறு வேண்டும். பாறைப் பிரிவு தொழின்முறைப் பிரிவாகவும் அமைந்தது.

இவ்வொற்றுமைகளைக் காட்டியபின் ஓர் எச்சரிக்கை வேண்டப்படுகிறது. நம்மவர் சிலர் இத்தகைய செய்திகளைக் கேட்டதும் எல்லா அறிவியலும் நம் முன்னோரிடம் இருந்ததென்று முழங்குவர். துணுக்காயில் எருமையை உழக்கியவர் இளகுதகைப்பை அளக்கவில்லை. கட்டின் சுழியை வைக்கோலால் அடைத்தவர் ஜெஃபரியின் சமன்பாட்டை எழுதவில்லை. அவர் கண்ட நீர் ஒரு பாக ஆழத்து நீர். துளைப்பாளர் எதிர்நோக்குவது மூவாயிரம் மீற்றர் ஆழத்தின் வெப்பமும் அழுத்தமும். ஒன்றிலிருந்து மற்றதற்குக் கணிதமின்றித் தாவ இயலாது. ஆயின் எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. ரெக்சாஸ் துளைப்பாளரும் சமன்பாட்டைக் கொண்டு மாடுகளைக் குட்டையில் இறக்கவில்லை. அவர் செய்ததைப் பரிசோதனை என்றும், இவர் செய்ததைப் பழக்கம் என்றும் நாம் பெயரிடுவது எதனால்? அவர் செயலை எழுதிவைக்க ஒரு தொழில் இருந்தது, அதைத் தொடர்ந்து ஆராய ஓர் ஆய்வுகூடம் இருந்தது என்பதே வேறுபாடு. பிங்கமும் மார்ஷும் வந்தது அத்தொழிலின் தேவையாலும் பணத்தாலும் ஆகும். குளக்கட்டுக்கு அத்தகையோர் வந்தபோது அவர்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்துப் பொறியியலாளராகவே வந்தனர். இரணைமடுவைப் போன்ற பெருங்கட்டுகளை அமைத்தனர். சிறுகுளத்தின் அறிவு அவர்கள் வேலைக்கு வேண்டப்படவில்லை.

அவ்வறிவு இன்று எந்நிலையில் உள்ளது என்பது வெறும் ஆராய்ச்சி வினாவன்று. 1996இற் கிளிநொச்சி மக்கள் இடம்பெயர்ந்தனர். 2008இலும் 2009இலும் வன்னிப் பெருநிலத்தின் மேற்கிலிருந்து கிழக்காகக் குடிகள் முழுவதும் பெயர்ந்தன. 2009 சனவரியிற் கல்மடுக்குளத்தின் கட்டுப் போரினிடையே உடைக்கப்பட்டது. ஆண்டுக்கொருமுறை செய்து கைவந்த வேலை பல ஆண்டு செய்யப்படாதபோது, அதனைச் சொல்லிக்கொடுக்கும் சூழலே இல்லாதுபோகிறது. மீளக்குடியேறியபின் கட்டுகளை இயந்திரங்கள் திருத்தின; வீடுகளைச் சீமெந்துக் கற்களாற் கட்டினர். அறுவடை இயந்திரம் வந்தபின் சூடு மிதிப்பும் அருகிவிட்டது. சீமெந்து வீட்டை வேண்டாமென்பவர் எவருமிலர். அது நியாயமான விருப்பம். ஆனால் நள்ளிரவில், மாரி வெள்ளத்தில், பொறிவண்டி சேற்றில் இறங்க முடியாத ஒரு சிறுகுளத்தின் கட்டிற் சுழி தோன்றினால் அடைக்க வேண்டியவர் அவ்வூராரே. 2018 திசெம்பர் வெள்ளத்தின்போது கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் இதனை நினைவூட்டின.

ஆகவே நம் மாணவர் செய்யத்தக்க ஒரு சிறு வேலை உண்டு. துணுக்காய்க் களியை நீரிற் கரைத்து ஓரிரவு ஊறவிட்டு, ஒரு விரற்கடை, இரு விரற்கடை, நாலு விரற்கடை நீளமாக நறுக்கிய வைக்கோலை வெவ்வேறு அளவிற் கலந்து நோக்கலாம். தென்னந்தும்பையும் பனந்தும்பையும் அவ்வாறே. புனல் வேண்டாம், அடைபடும். சாய்த்துவைத்த ஒரு பலகையின்மேல் சேற்றை ஊற்றினால், அது எவ்வளவு தடிப்பில் ஓடாமல் நிற்கிறது என்பதிலிருந்தே இளகுதகைப்பைக் கணிக்கலாம். சேற்றின் அடர்த்தி, புவியீர்ப்பு ஆர்முடுகல், தடிப்பு, சாய்வுக் கோணத்தின் சைன் ஆகிய நான்கின் பெருக்கமே அது. கட்டில் வேலை செய்த முதியோரிடம் எந்நீள வைக்கோலைத் தெரிந்தெடுத்தனர், குழைக்கு எம்மரத்தை விரும்பினர், களி இடுமுன் எவ்வளவு நேரம் பொறுத்தனர் என்று முதலிற் கேட்டெழுதிவிட்டுப் பலகையிடம் செல்வது நன்று. ஏனெனில் பலகை காத்திருக்கும்.